அம்மனுக்குப் பிடித்த கியூபாப் பாட்டு

1

போன ஆடி வெள்ளியன்று எங்கள் தெரு மாரியம்மன் வீடியோ காலில் வந்து, என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பாரிசுக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் காவலாள். அந்த நேரத்தில் குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் மஞ்சள் மூடித் தொட்டி, ஒரு கையில் அம்மன்.

"பரவாயில்ல தாயே" என்றேன்.

"பொய் சொல்லாதடா. நொண்டுற. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள்.

காரைக்கால் திருவேட்டக்குடிப் பக்கமிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. சாமி வரும், கேட்கும், சொல்லும், மலையேறும். இங்கே பிறந்த என் மகள் மாலினிக்குத்தான் பிடிபடவில்லை. "அத்தைக்கு எந்த ஆப்ல சாமி வரும்?" என்று ஊரில் இருக்கும் என் அக்காவைப் பற்றிக் கேட்டாள். அம்மன் என்னோடு பேச ஆரம்பித்து இந்த வைகாசியோடு ஒரு வருடம் நிறைந்துவிட்டது. மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். நடந்ததற்கெல்லாம் காரணம் ஒரு கியூபாக்காரப் பாடகி. அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் செத்து எத்தனையோ காலமாகிறது.

2

என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வோம். அவருக்குக் கிடைத்த குடியுரிமை எனக்கும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நானும் இங்கே வந்தேன். நாற்பது குடும்பங்களுக்குப் படிக்கட்டு துடைப்பது, பல்பு மாற்றுவது, யார் நாய் எங்கே அசிங்கம் செய்தது என்று பஞ்சாயத்துப் பண்ணுவது என் வேலை. சங்கீதத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சுப் பாட்டு எனக்கு ஒட்டவே இல்லை. பக்கத்தில் கணவன் தூங்கும்போது போனில் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் கட்டடத்து நிலவறையில் குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு சாமான் அறை உண்டு. வாரிசில்லாத ஒரு கிழவர் இறந்துபோனார். நிர்வாக அலுவலகத்திலிருந்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. வாரிசு கிடைக்கும்வரை அவர் சாமானைத் தொடக்கூடாது என்றது ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய் என்றது இன்னொன்று. இரண்டிலும் ஒரே கையெழுத்து. போன் போட்டு, இதில் எதைச் செய்வது என்று கேட்டேன். "இரண்டையும்" என்றாள் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

சாமானைத் தொடாமல் தள்ளுவண்டியில் ஏற்றி என் வீட்டுக்குள் வைத்தேன். நெடுநாள் கழித்து, வாரிசு யாரும் இல்லை, குப்பையில் போட்டுவிடு என்று எழுதினார்கள். போடவில்லை. அதற்குள் அதிலிருந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருந்தேன். பெட்டி நிறைய இசைத்தட்டுகள், அடியில் அவற்றைப் போட்டுக் கேட்கிற கருவி.

முதல் அட்டையில் ஓர் அம்மா. தலையில் கோபுரம் மாதிரி துணிக்கட்டு, காதில் வளையல் அளவு வளையம், நம்மிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம். அசப்பில் என் அக்கா தையல்நாயகியேதான். அதற்காகத்தான் அதை முதலில் போட்டேன்.

இரண்டு கட்டைகள் தட்டிக்கொண்டன. மூன்று தட்டு, கொஞ்சம் யோசனை, பிறகு இரண்டு தட்டு. அடுத்து தோல்மேளங்கள் வந்தன. நம் பம்பைக்காரர்கள் மூன்று பேரை ஓர் அறையில் பூட்டி, யார் பெரியவன் என்று கேட்டுவிட்டு வந்த மாதிரி அடித்தார்கள். அப்புறம் அவள் குரல். ஆண்கள் கூட்டமாக ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, அவள் அந்த வரிக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொன்னாள். அதட்டினாள், கெஞ்சினாள், நடுவில் சிரித்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே கேட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "யாரு செத்துட்டா?" என்றாள்.

அதன்பின் வாரக்கணக்கில் இதே வேலை. பாடகிகளின் பெயர்கள் வாயில் நுழையாததால் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தேன். தலைக்கட்டு அம்மா எனக்குப் பெரியத்தை. மெதுவான காதல் சோகப் பாட்டுகளை, காய் நறுக்கிக்கொண்டே அழுகிற மாதிரி பாடுகிறவள் சின்னத்தை. இன்னொருத்தி நியூயார்க் மச்சினி. கரீபியன் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களின் பிள்ளை. வீட்டு ஸ்பானிஷையும் தெரு இங்கிலீஷையும் ஒரே வரியில் போட்டுக் கலக்குவாள். பின்னால் கை தட்டுவார்கள், யாரோ இருமுவார்கள், தம்ளர் உருளும். அந்த வகைப் பாட்டுக்கு லத்தீன் சோல் என்று பெயராம். என் மகளும் தமிழையும் பிரெஞ்சையும் அப்படித்தான் கலக்குகிறாள். இவள் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அவள் பாடினால் மட்டும் இனிக்கிறது. இது என்ன நியாயம் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

நாலாவது மாடி மதாம் ஒடாலிஸ் கியூபாக்காரி. ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். குழாய் ஒழுகுகிறது என்று சண்டை போட இறங்கி வந்தவள், என் வீட்டு வாசலில் பெரியத்தை குரலைக் கேட்டதும் குழாயை மறந்துவிட்டாள். அந்த முதல் பாட்டு கடல் தாய்க்கு உரியது என்று அவள்தான் சொன்னாள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு கப்பலில் வந்த சாமியாம். நீலப் பாவாடை கட்டுவாளாம், தர்பூசணி என்றால் உயிராம்.

"இதைச் சும்மா விளையாட்டுக்குப் போடாதே. கூப்பிட்டால் வந்துவிடுவாள்" என்றாள்.

"பாரிசுக்கா?" என்றேன்.

"அவளுக்கு விசா வேண்டாம்" என்றாள் மதாம் ஒடாலிஸ்.

3

இப்போது அக்கா கதையைச் சொல்லியாக வேண்டும்.

மாலினி தொமா என்ற பிரெஞ்சுப் பையனை மேரியில் கல்யாணம் செய்துகொண்டாள். காரைக்காலில் பழைய ஆட்கள் நகராட்சியை இன்னும் மேரி என்றுதான் சொல்கிறார்கள், அதே மேரிதான். அழைப்பிதழை அவளே வடிவமைத்தாள். வெள்ளை அட்டை, ஒரு இலைப் படம், இரண்டு பேரின் பெயர், மேரி முகவரி, முடிந்தது. நம் பக்கத்துப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாத்தா பெயரிலிருந்து தொடங்கி, அத்தை மாமா, சித்தி சித்தப்பா, பங்காளிகள், அவர்கள் கடை பெயர்வரை ஊர்வலம் போகும். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இந்த அட்டையில் பெற்ற எனக்கே இடமில்லை.

அதைத்தான் போனில் அக்காவிடமும் சொன்னேன்.

"ஒனக்கு ரோசம் இல்ல, எனக்கு இருக்கு" என்றாள். "அத்த பேரு இல்லாம ஒரு பத்திரிகையா? அப்ப நான் செத்துட்டனா? அந்தப் புள்ளய மூணு மாசம் எங்கிட்ட விட்டுட்டுப் போனியே, அப்பத் தெரிஞ்சிச்சா அத்தன்னு ஒருத்தி இருக்கான்னு?"

போனை வைத்துவிட்டு நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போனாளாம். வாசலில் சூடம் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே தம்பி கலியமூர்த்திகூடப் பேசினா நான் தையல்நாயகி இல்ல" என்று சத்தியம் பண்ணிவிட்டாள். சூடம் அணைத்த சத்தியத்தை எங்கள் தெருவில் யாரும் மீறியதில்லை. கை வெந்ததற்கு அத்தான், அதாவது அவள் கணவர், மஞ்சள் அரைத்துப் போட்டார். எனக்கு விஷயம் சொன்னதும் அவர்தான்.

மூன்று வருடம் ஓடியது. பொங்கலுக்குக் கூப்பிட்டால் அத்தான் எடுப்பார். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். அவள்தான் உருட்டுகிறாள் என்று தெரியும். எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் போனபிறகு, நான் சின்னப் பையனாக இருந்ததற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி. அந்தப் பாத்திரச் சத்தத்துக்காகவே நான் போனை நீட்டிக்கொண்டிருப்பேன்.

4

செல்வம் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஊரில் மைக் செட் வைத்திருக்கிறான். பெரியத்தையின் பாட்டைப் போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பி, "கேட்டுப் பாருடா, நம்ம பம்பை மாதிரியே இருக்கு" என்று எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஆனால் அது போன வருட வைகாசித் திருவிழா நேரம். அப்பா காலத்திலிருந்து ஐந்தாம் நாள் எங்கள் குடும்பத்து உபயம். உபயதாரர் சொல்கிற பாட்டைத்தான் அன்றைக்கு முதல் பாட்டாகப் போட வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். நான் எந்த வருடமும் எதுவும் சொன்னதில்லை, அவர்களாக ஏதாவது போட்டுக்கொள்வார்கள். அந்த வருடம் உபயதாரரே பிரான்சிலிருந்து பாட்டு அனுப்பிவிட்டார் என்று செல்வம் நினைத்துவிட்டான். "பம்பை மாதிரியே இருக்கு" என்று வேறு நான் எழுதித் தொலைத்திருந்தேன்.

பிறகு அவன் அனுப்பிய வீடியோவில் எல்லாம் இருக்கிறது. சாயங்கால வெயில். கடற்கரையில் தண்ணீர் எடுத்த கரகம் தெருவுக்குள் நுழைகிறது. செல்வம் மைக்கில் கம்பீரமாக, "பிரான்சு வாழ் உபயதாரர் திரு. கலியமூர்த்தி அவர்கள் அனுப்பிய அம்மன் பாடல்" என்கிறான். கட்டை தட்டுகிறது. மூன்று, கொஞ்சம் யோசனை, இரண்டு. கூட்டம் மேலே குழாய் ஒலிபெருக்கியைப் பார்க்கிறது. பம்பைக்காரர்கள் முதலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், பிறகு ஒருவன் மெல்லக் கூடவே தட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். பெரியத்தை அதட்டத் தொடங்குகிறாள். மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வரிசையில் நின்ற என் அக்காவின் தோள் குலுங்குகிறது.

அக்காவுக்கு அதுவரை சாமி வந்ததே இல்லை. வருகிறவர்களைப் பார்த்து, "வேல வெட்டி இல்லாதவளுவ" என்பாள். அவள் இப்போது தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, செம்பைத் தூக்கி எறிந்து, மூன்றுக்கு இரண்டு கணக்குத் தப்பாமல் ஆடினாள். பக்கத்தில் யாரும் நெருங்க முடியவில்லை.

"யாரு தாயி வந்திருக்கிறது?" என்று பூசாரி கேட்டார்.

"யாரா? கூப்புட்டுட்டு யாருன்னா கேக்குற? அஞ்சாம் நாளுக்குச் சொந்தக்காரன் எங்கடா?"

"பிரான்சுல இருக்காரு தாயி" என்றார் அத்தான் கைகூப்பி.

"கூப்புடுடா அவன!"

அம்மன் உத்தரவு. செல்வம் ஓடி வந்து வீடியோ கால் போட்டான். நான் மூன்றாம் மாடிப் படியில் ஈரத் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். திரையில் அக்காவின் முகம், நெற்றி முழுக்கக் குங்குமம், கண் செருகியிருக்கிறது. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"சாப்புட்டியாடா?"

"சாப்ட்டேன் தாயே" என்றேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மன் திரும்பி, "தர்பூசணி வெட்டுங்கடா, தாகமா இருக்கு" என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வைகாசி வெயிலில் யாருக்குத்தான் தர்பூசணி வேண்டாம் என்று என் மனைவி பிறகு கேட்டாள். அதுவும் சரிதான்.

பாட்டு முடிந்தது, சாமி மலையேறியது. அக்கா தண்ணீர் குடித்தாள், கண்ணைத் திறந்தாள், எதிரே போனில் என் முகத்தைப் பார்த்தாள். முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு கொண்டை போடப் போய்விட்டாள்.

5

மதாம் ஒடாலிஸிடம் சொன்னேன். அவள் குழாயைப் பற்றிப் பேசுகிற தொனியிலேயே பதில் சொன்னாள். "எங்கள் வீட்டில் கடல் தாய் சித்தி மேல் வருவாள். வந்தால் சித்தப்பா எங்கே குடித்தார், யாரோடு குடித்தார் எல்லாம் வெளியே வரும். சித்திக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. சித்தப்பாவுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும்."

ஊரில் பாட்டுக்கு ஏகக் கிராக்கி. "அந்த அம்மா வேற என்னென்ன பாடியிருக்காங்கன்னு கமிட்டில கேக்குறாங்க மாப்ள" என்றான் செல்வம். சின்னத்தையின் சோகப் பாட்டை அனுப்பினேன். யாருக்கும் சாமி வரவில்லை. இரண்டு மருமகள்கள் அழுதார்கள், பூசாரி தூங்கிவிட்டார். நியூயார்க் மச்சினியை அனுப்பினேன். இளவட்டங்கள் கோயில் வாசலில் இடுப்பை ஆட்டியதால் அவளுக்குத் தடை விதிக்கப்பட்டது. கடைசியில் பெரியத்தை பாட்டு மட்டுமே போதும் என்று முடிவானது. ஆடி வெள்ளி, தை வெள்ளி, விசேஷ நாள் எல்லாவற்றுக்கும் அதுதான். பாட்டு போட்டதும் அக்கா ஆடுவாள், செல்வம் போனைப் பிடிப்பான், நான் இங்கே கையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

முதலில் அம்மன் பொதுவாகத்தான் பேசினாள். போகப் போகக் கேள்விகள் நுணுக்கமாயின. முருங்கைக்கீரை கிடைக்கிறதா? சம்பந்தி வீட்டில் மரியாதையாக நடத்துகிறார்களா? இப்போது எந்த எண்ணெய் ஊற்றிச் சமைக்கிறீர்கள்? ஒரு தடவை, குளிரில் குல்லாய் போடாமல் நின்றதற்கு மாரியம்மன் என்னைத் திட்டிய திட்டில் கூடியிருந்த ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மனா அக்காவா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் தெருவில் யாருமே கேட்கவில்லை. அத்தான்கூட, "ஒங்க அக்கா பேசல, தாயி பேசுறா. சத்தியத்துக்கு ஒண்ணும் கொறையில்ல" என்றார்.

மாலினி மாசமாக இருக்கிறாள் என்று அம்மனிடம் சொன்ன அன்றைக்கு மட்டும் அவள் ஆட்டம் வேகமெடுத்தது. பிறகு உறுமலாக, "என் பேரு எங்கடா?" என்றாள். "என் பேரு எங்கடா போட்ட?"

கமிட்டிக்காரர்கள் பதறிப்போனார்கள். கோயில் முகப்பில் அம்மன் பெயர் சுண்ணாம்பில் மறைந்துவிட்டதோ என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்து, மறுநாளே பெயின்டருக்குச் சொல்லிவிட்டார்கள். இப்போது மாரியம்மன் பெயர் கடற்கரையிலிருந்து தெரிகிற அளவுக்கு இருக்கிறது. எந்தப் பெயரைக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

6

இங்கே குழந்தை பிறந்தால் அட்டை அச்சடித்து அனுப்புவார்கள். பிள்ளையின் பெயரோடு எடையும் நீளமும் போடுவார்கள், காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் சொல்கிற மாதிரி. மாலினியிடம் அத்தை பெயரையும் போடச் சொன்னேன். அவள் பிரெஞ்சில் வாதாடினாள், நான் தமிழில் வாதாடினேன். அட்டையில் இடம் இல்லை, அப்படி யாரும் போடுவதில்லை, அழகு கெடும் என்றாள். பிறகு அவளே தமிழில், "அப்பா, அந்த சாமி எங்கிட்ட மட்டும் ஏன் பேசல?" என்று கேட்டாள். அவள் குரல் நன்றாக இல்லை. மூன்று மாதம் அத்தை இடுப்பிலேயே திரிந்த பிள்ளை.

அட்டை அச்சாகி வந்தபோது அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. எழுத்து மிகச் சிறியதுதான். ஆனால் இருந்தது.

இந்த வைகாசித் திருவிழாவுக்கு அதை நேரில் கொண்டுபோக நினைத்தேன். பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். இந்தியாவில் உங்களை அறிந்தவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில், என்னோடு பேசாத அக்காவின் பெயரை எழுதினேன். பயண நோக்கம் என்ற இடத்தில் 'அம்மனைப் பார்க்க' என்று எழுதி, பிறகு 'சுற்றுலா' என்று மாற்றினேன்.

வீட்டில் அக்கா சத்தியம் தவறவில்லை. நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, அடுப்படியில் இருந்தபடி அத்தானிடம், "காப்பி ஆறுதுன்னு சொல்லுங்க" என்றாள். "ஆறுதாம்" என்றார் அத்தான். இலையில் எனக்குப் பிடித்தது எல்லாம் இருந்தது.

ஐந்தாம் நாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, நறுக்கிய தர்பூசணி, நடுவில் அட்டை. நான் கோயில் வாசலில் நின்றேன். கரகம் வந்தது, கட்டை தட்டியது, பெரியத்தை அதட்டினாள், அக்கா ஆடத் தொடங்கினாள். பாதிப் பாட்டில் கரண்ட் போனது. ஒலிபெருக்கி செத்துவிட்டது. அய்யோ, இனி சாமி போய்விடுமே, அட்டையைக் கொடுக்காமலே திரும்பப் போகிறேனே என்று தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்தேன். ஆனால் பம்பைக்காரர்கள் நிறுத்தவில்லை. ஒரு வருடமாக அடித்துப் பழகியதில் மூன்றும் யோசனையும் இரண்டும் அவர்கள் கையோடு சேர்ந்திருந்தன. பெரியத்தை விட்ட இடத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அம்மன் ஆடிக்கொண்டே என் முன்னால் வந்து நின்றாள். நான் அட்டையை நீட்டினேன். வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். அப்புறம் தெருவே அதிர ஒரு அலறல்.

"என் கண்ணாடிய எடுத்துக்கிட்டு வாங்கடா!"

அத்தான் வீட்டுக்கு ஓடினார். அவர் திரும்பி வரும்வரை பம்பை அடித்துக்கொண்டே இருந்தது, அம்மன் நின்ற இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டே காத்திருந்தாள். கண்ணாடி வந்தது. அவிழ்ந்த முடியும் குங்குமமுமாய் மாரியம்மன் கண்ணாடி மாட்டிக்கொண்டு அட்டையின் அடிவரியில் விரலை வைத்தாள். பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது. தன் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி இருக்கும் என்பது பாங்கு பாஸ்புக்கில் பார்த்துத் தெரியும். விரல் அந்த இடத்துக்கு வந்து நின்றது. மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போய், மறுபடி வந்து நின்றது. கன்னத்தில் குங்குமம் கரைந்து வழிந்தது.

"பொடி எழுத்தா இருக்கு" என்றாள். "அடுத்த புள்ளைக்குப் பெருசாப் போடச் சொல்லு."

"சொல்றேன் தாயே" என்றேன்.

ஒரு துண்டு தர்பூசணி எடுத்து என் வாயில் திணித்தாள். அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறினாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் கிளம்பினேன். விமான நிலையத்துக்குப் போகிற கார் வாசலில் நின்றது. அக்கா எனக்குப் புறம் காட்டி நின்று, என் பைக்குள் முறுக்கு டப்பாவை வைத்து அழுத்தி மூடினாள். வண்டி நகரும்போது அத்தானிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஆடி மொத வெள்ளிக்கு அந்தப் பாட்டப் போடச் சொல்லுங்க. அந்த மாலினிப் புள்ளயவும் போனுல இருக்கச் சொல்லுங்க. கேக்க வேண்டியது நெறைய இருக்கு."